மல்லிக்கு ஒரு வேரியபிள், பிச்சிக்கு ஒரு வேரியபிள்

அன்புள்ள தம்பிக்கு,

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காக நீங்கள் எழுதிய பிஎச்பி நிரலையும், அதோடு கேட்டிருந்த இரண்டு கேள்விகளையும் படித்தேன். முகூர்த்த நாளில் கணக்குப் பக்கம் திறக்க ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது ஒன்று. மரிக்கொழுந்து கொண்டுவருகிற சிலருக்கு மட்டும் தொகை ஏன் பூஜ்யமாக விழுகிறது என்பது இன்னொன்று. கடைகளுக்குக் கணக்கு நிரல் எழுதிக்கொடுக்கும் பிள்ளைகள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவாகவே எழுதுகிறேன். உங்கள் பெயரும் கடைப் பெயரும் இதில் வராது.

வேகக் குறைவுக்கு சர்வரைக் குறை சொல்கிறீர்கள், பூஜ்யத்துக்கு டைப் அடிக்கும் பையனை. எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதாகத்தான் படுகிறது. டேபிளில் இருக்க வேண்டிய பூப்பெயரைத் தூக்கி வேரியபிளின் பெயராக வைத்தீர்களே, அந்த இடம்.

உங்கள் நிரலின் நடுவில் இப்படி இரண்டு வரிகள் இருக்கின்றன:

$பெயர் = $பூ . '_விலை';
$தொகை = $எடை * $$பெயர்;

விவசாயி கொண்டுவரும் பூவுக்குப் போடும் சீட்டில் மல்லி என்று இருந்தால் $மல்லி_விலை என்ற வேரியபிளைத் தேடும். பிச்சி என்றால் $பிச்சி_விலை. இரட்டை டாலர் போட்டு, ஓடும்போதே வேரியபிள் பெயரைக் கட்டிக்கொள்ளும் இந்த வசதி பிஎச்பியில் பல காலமாக இருக்கிறது. பெயர்களைத் தமிழிலேயே வைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், பிஎச்பி அதை மறுப்பதுமில்லை. ஆஸ்கி எல்லைக்கு வெளியே உள்ள எந்த பைட்டையும் வேரியபிள் பெயரில் அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் எழுத்தாக அதைப் பார்ப்பதில்லை, பைட்டுகளின் வரிசையாக மட்டுமே பார்க்கிறது. மரிக்கொழுந்து மாட்டிக்கொண்டது இங்கேதான்.

யூனிகோடில் ஒகரத்தின் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ‘கொ’வில் வரும் குறி ஒற்றைக் குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். விலைப் பட்டியல் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு கீபோர்டில் அடித்தது. சீட்டு போனில் வேறொரு கீபோர்டில் அடித்தது. இரண்டில் ஒன்று குறியைப் பிரித்து எழுதிவிட்டால் பைட்டுகள் வேறாகின்றன. அப்போது $மரிக்கொழுந்து_விலை என்று இரண்டு வேரியபிள்கள்: ஒன்றில் விலை இருக்கிறது, மற்றது பிறக்கவே இல்லை. பிறக்காத வேரியபிளுக்கு பிஎச்பி கொடுப்பது நல். நல்லை எடையால் பெருக்கினால் பூஜ்யம். மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, அரளி எதிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து கிடையாது. அதனால்தான் மரிக்கொழுந்துக்காரர் மட்டும் மாட்டினார். டைப் அடித்த பையன் மேல் ஒரு தப்பும் இல்லை.

பிஎச்பி இதைச் சொல்லவே இல்லையா என்றால், சொல்லியிருக்கும். இல்லாத வேரியபிளைத் தொட்டால் 7ஆம் பதிப்பு வரை நோட்டீஸ், 2020 நவம்பரில் வந்த 8.0 முதல் வார்னிங். நீங்கள் கடைக்காரர் கண்ணில் படக்கூடாது என்று எல்லா எச்சரிக்கையையும் அணைத்து வைத்திருக்கிறீர்கள். திரையில் வேண்டாமென்றால் சரி, லாக் ஃபைலில் விழ விடுங்கள்.

வெளியிலிருந்து வரும் பெயரை வேரியபிளாக்கும் இந்த வியாதி உங்களோடு தொடங்கியதல்ல. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பியே தொடக்க காலத்தில் இப்படித்தான் இருந்தது. படிவத்தில் ‘எடை’ என்று ஒரு கட்டம் இருந்தால் நிரலுக்குள் $எடை தானாக முளைத்து நிற்கும். ரிஜிஸ்டர் குளோபல்ஸ் என்று அந்த அமைப்புக்குப் பெயர். எழுதுகிறவனுக்குச் சுகம், உள்ளே நுழைய நினைக்கிறவனுக்கு அதைவிடச் சுகம். முகவரியின் வாலில் ‘அட்மின் = 1’ என்று சேர்த்துவிட்டால், மதிப்புக் கொடுக்காமல் விட்ட $அட்மின் வேரியபிளில் 1 போய் உட்கார்ந்துகொள்ளும். 2002இல் 4.2 பதிப்பில் அதை இயல்பாகவே அணைத்து வைத்தார்கள். 2009இல் 5.3 வந்தபோது ‘இது போகப்போகிறது’ என்று அறிவித்தார்கள், 2012இல் 5.4இல் வேரோடு பிடுங்கினார்கள். ஒரு கெட்ட பழக்கத்தை மொழி விட்டொழிக்க 10 ஆண்டு ஆகியிருக்கிறது. உங்கள் நிரலின் முதல் வரியிலோ, அரேயின் சாவிகளை வேரியபிள்களாக்கும் எக்ஸ்ட்ராக்ட் என்ற ஃபங்ஷனுக்குள் போஸ்ட் அரேயை அப்படியே கொட்டியிருக்கிறீர்கள். போனதைக் கூப்பிட்டு மறுபடி திண்ணையில் உட்கார வைத்த கதை. வேர்ட்பிரஸ்காரர்கள் எக்ஸ்ட்ராக்ட்டைத் தங்கள் எழுத்து விதிகளில் தடுத்தே வைத்திருக்கிறார்கள். எந்த வேரியபிள் எங்கிருந்து வந்தது என்று படிக்கிறவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்கும் அதுவே பெரிய காரணமாகப் படுகிறது. நாளை நீங்கள் வேறு வேலைக்குப் போய், இன்னொருவர் இந்த நிரலைத் திறந்து $மல்லி_விலை எங்கே உண்டாகிறது என்று தேடினால், எந்த ஃபைலிலும் அந்தப் பெயர் அகப்படாது. ஓடும்போது மட்டும் உயிர் பெறுகிற பெயரை எங்கே போய்த் தேடுவது?

மருந்து சின்னது. ஒரே ஓர் அரே போதும்: $விலை. அதற்குள் $விலை['மல்லி'], $விலை['பிச்சி'] என்று வைத்தாலே இரட்டை டாலர் போய்விடும். ஆனால் அங்கே நிற்காதீர்கள். அரேயின் சாவியும் பைட்டுதான். மரிக்கொழுந்து அங்கேயும் வழுக்கும். பூ டேபிளில் ஒவ்வொரு பூவுக்கும் ஓர் எண் கொடுத்து, சீட்டில் பெயரை டைப் அடிக்க விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்து, $விலை[7] என்று எண்ணையே சாவியாக்குங்கள். ஏற்கெனவே அடித்த பழைய பெயர்களுக்கு இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் நார்மலைசர் இருக்கிறது. பிரிந்து கிடக்கும் ஒகரத்தை அது ஒன்றாக்கித் தரும், ஒருமுறை ஓட்டிவிட்டால் போதும்.

இரட்டை டாலர் உங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தபடி உங்கள் டேபிளைப் பார்த்தேன். விலை டேபிளில் ஒரு நாளுக்கு ஒரு வரிசை. மல்லி_விலை, பிச்சி_விலை, முல்லை_விலை என்று பூவுக்கு ஒரு காலம், அதாவது ஒரு நெடுவரிசை. விஷயம் விளங்கிவிட்டது. காலம் பெயருக்குள் பூ உட்கார்ந்திருப்பதால் அதை எடுக்கும் நிரலும் பெயரைக் கட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நாளைக்கே கடைக்குப் புதிதாக ஒரு பூ வந்தால் டேபிளையே வெட்டி ஒட்ட வேண்டும். அதற்குப் பதில் தேதி, பூ எண், நேரம், விலை என்று நான்கு காலம் வைத்து, ஒவ்வொரு விலையையும் ஒரு வரிசையாகப் போடுங்கள். நேரம் எதற்கென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை மல்லி விலை ஒன்று, வெயில் ஏறியபின் வேறொன்று. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து கிலோ சில ஆயிரங்களைத் தொடும் நாட்களில் ஒரு மணி நேர வித்தியாசமே விவசாயிக்குப் பெரிய பணம். அதனால் இன்னொன்றும் செய்யுங்கள்: சீட்டுப் போடும் நிமிடத்தில் என்ன விலையோ அதைச் சீட்டின் வரிசையிலேயே எழுதிவிடுங்கள். முடிந்துபோன வியாபாரத்தின் விலையை மறுபடி விலை டேபிளில் போய்க் கேட்பது நேர விரயம் மட்டுமல்ல, தப்பும்கூட. மதியம் யாராவது விலையைத் திருத்தினால் காலையில் போட்ட சீட்டெல்லாம் தொகை மாறிவிடும்.

இனி வேகம்.

ஸ்லோ குவரி லாக்கில் ஒன்றுமே இல்லை, ஆகவே குவரிகள் எல்லாம் வேகமாகத்தான் ஓடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான அமைப்பில் 10 விநாடியைத் தாண்டிய குவரிதான் அந்த லாக்கில் விழும். உங்களுடையவை ஒவ்வொன்றும் கண் இமைக்கும் நேரத்தில் முடிபவை. எண்ணிக்கையைப் பாருங்கள். லூப்புக்குள் ஒரு சீட்டை எடுத்ததும் விவசாயி பெயருக்கு ஒரு குவரி, விலைக்கு ஒரு குவரி, முன்பணப் பாக்கிக்கு ஒரு குவரி. முகூர்த்த நாளில் 400 சீட்டு என்றால் 1,200 குவரி. சாதாரண நாளில் சீட்டு குறைவு, அதனால் வலி தெரியவில்லை.

இதில் உங்கள் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. முதலாளி வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பதற்காக டேட்டாபேஸை மும்பையில் உள்ள சர்வரில் வைத்துவிட்டு, பிஎச்பியைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுகிறீர்கள். மதுரையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர்தான் போகும். போய்வர 11 மில்லி விநாடிக்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதையும், நடுவில் நிற்கும் ரௌட்டர்களையும் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1,200 குவரிக்கு ஒளியின் நடைக்கூலி மட்டும் 13 விநாடிக்கு மேல். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பையனை அனுப்பி விலை கேட்டுவரச் சொல்கிறீர்கள். பையன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தூரம் குறையப்போவதில்லை. சர்வருக்கு மெமரி கூட்டினாலும் இதில் ஒரு விநாடி மிச்சமாகாது.

லூப்புக்குள் ஏன் கேட்டீர்கள்? ஒரு நேரத்தில் ஒரு பூவின் விலையை வைக்கத்தான் உங்களிடம் இடம் இருந்தது. விலையெல்லாம் சேர்ந்து உட்கார ஓர் அரே இருந்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவரத் தோன்றியிருக்கும். $விலை வந்ததும் அன்றைய விலைகள் எல்லாம் ஒரு குவரி. $விவசாயி என்று இன்னோர் அரே வைத்தால், சீட்டுகளில் இருக்கும் விவசாயி எண்களைத் திரட்டி, திரும்ப வருவதை நீக்கி, ‘இந்த எண்களுக்குள் இருப்பவர்களைக் கொடு’ என்று இன் போட்டுக் கேட்டால் அதுவும் ஒரு குவரி. லூப் அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும், உள்ளே அரேயைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. பிஎச்பியின் பிடிஓவில் இன் எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒரு கேள்விக்குறிக்குள் மொத்த அரேயையும் திணிக்க முடியாது, எத்தனை எண்ணோ அத்தனை கேள்விக்குறி வேண்டும். சீட்டே இல்லாத நாளில் அடைப்புக்குறி காலியாக நின்றால் மைஎஸ்க்யூஎல் பிழை என்று சொல்லிவிடும். காலியா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இதைப் பெரிய அளவில் பார்க்க ஆசையிருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் மதுரை கட்டுரையைத் திறங்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஓடுவதும் பிஎச்பியில்தான், மீடியாவிக்கி என்ற மென்பொருளில். கட்டுரை முழுக்க இணைப்புகள். பக்கம் இருக்கும் தலைப்பு நீலம், இல்லாதது சிவப்பு. நிறம் தீட்டுவதற்கு ஒவ்வொரு தலைப்பும் டேட்டாபேஸில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இணைப்பு எதிர்ப்பட்ட இடத்திலேயே நின்று கேட்டிருந்தால் கட்டுரை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான குவரி ஆகியிருக்கும். மீடியாவிக்கி அப்படிச் செய்வதில்லை. இணைப்பு வரும் இடத்தில் ஓர் அடையாளத்தை மட்டும் நட்டுவிட்டு மேலே போகிறது. முழுக்கட்டுரையையும் கடந்தபின், திரட்டிய தலைப்புகளை லிங்க்பேட்ச் என்ற கிளாஸிடம் கொடுத்து மொத்தமாகக் கேட்கிறது. விடை வந்ததும் திரும்பி வந்து நட்ட அடையாளங்களுக்கு நிறம் தீட்டுகிறது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது, படித்துப் பாருங்கள். நிரல் எழுதக் கற்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பாடப்புத்தகத்தை அல்ல, இந்த மாதிரி இடங்களைத்தான். வேர்ட்பிரஸும் பதிவுகளின் பட்டியலை எடுத்த கையோடு அவற்றின் கூடுதல் தகவல்களை மொத்தமாக இழுத்து கேஷில் வைத்துக்கொள்கிறது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே குவரிக்குள் அடைக்கப் போவீர்கள். எல்லோரும் செய்வதுதான் அது. ஜாயின் நல்ல கருவி: சீட்டோடு விவசாயி பெயரைச் சேர்த்து எடுக்க அதுதான் சரி, மேலே சொன்ன இரண்டாவது குவரிகூடத் தேவைப்படாது. ஆனால் முன்பண டேபிளையும் அதே ஜாயினில் கோக்காதீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு விவசாயிக்கு 1,000 ரூபாய்க்கு ஒன்றாக மூன்று சீட்டு, 500 ரூபாய் வீதம் இரண்டு முன்பணம் என்று வையுங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியது, கமிஷன் நீங்கலாகப் பேசினால், 2,000. மூன்று டேபிளையும் கோத்தால் மூன்றும் இரண்டும் பெருகி ஆறு வரிசையாகும். ஒவ்வொரு சீட்டும் இரண்டு முறை வந்து 6,000. ஒவ்வொரு முன்பணமும் மூன்று முறை வந்து 3,000. கழித்தால் 3,000 வரும். நம்பும்படியான தொகையாக இருப்பதுதான் ஆபத்து. பூஜ்யம் வந்தால் விவசாயி சண்டைக்கு வருவார், 1,000 கூடுதலாக வந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சீட்டுத் தொகையை விவசாயிவாரியாகக் குரூப் பை போட்டுக் கூட்ட ஒரு குவரி, முன்பணத்தைக் கூட்ட இன்னொரு குவரி. இரண்டையும் விவசாயி எண்ணைச் சாவியாக வைத்து அரேயில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,200 போய் மூன்றோ நான்கோ ஆனாலே போதும். நான்கை ஒன்றாக்குவதற்காக ஒரு நாள் முழுக்க உட்காருவது வீண்.

எழுதும் பக்கமும் இதே கதைதான். மாலையில் ‘எல்லாவற்றையும் சேமி’ என்று அழுத்தும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனி இன்சர்ட். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு கமிட்டுக்கும் லாகை வட்டில் எழுதி உறுதி செய்துகொள்ளும். 400 இன்சர்ட் என்றால் 400 தடவை. எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்தால் ஒரு தடவை. நடுவில் கரண்ட் போனால் பாதிச் சீட்டு ஏறி, பாதி ஏறாமல் கிடக்கும் தொல்லையும் தீரும். பல வரிசைகளை ஒரே இன்சர்ட்டில் அடுக்கி அனுப்பினால் மும்பைக்குப் போய்வரும் தடவைகளும் சுருங்கும்.

அந்தப் படிவத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எடை1, எடை2, எடை3 என்று கட்டங்களுக்குப் பெயர் வைத்து, உள்ளே மறுபடி இரட்டை டாலரால் பொறுக்குகிறீர்கள். எடை[1], எடை[2] என்று சதுர அடைப்புக்குறி போட்டுப் பெயர் வைத்தால் பிஎச்பியே அதை அரேயாக்கிக் கையில் கொடுக்கும். ஆனால் எப்படி அனுப்பினாலும் ஒரு படிவத்திலிருந்து 1,000 மதிப்புகள்தான் இயல்பாக உள்ளே வரும். 2011 டிசம்பரில் ஹேஷ் மோதல் தாக்குதல் பற்றிய செய்தி வெளியானதைத் தொடர்ந்து, அடுத்த மாதமே 5.3.9இல் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்ற இந்த எல்லையைக் கொண்டுவந்தார்கள். சீட்டுக்கு மூன்று கட்டம், 400 சீட்டு, ஆக 1,200. கடைசி 200 கட்டம் வாசலிலேயே நின்றுவிடும், வார்னிங்கோ நீங்கள் அணைத்த பட்டியலில் இருக்கிறது. எல்லையை உயர்த்தலாம். அதைவிட, சீட்டு போடப் போட அவ்வப்போதே சேமிப்பது நல்லது என்பேன்.

ஒரு விதிவிலக்கு. முதலாளி வீட்டிலிருந்து பார்ப்பது அவ்வளவு அவசியமில்லை, ஒரே கம்ப்யூட்டர் போதும் என்றால் எஸ்க்யூலைட்டுக்கு மாறிவிடலாம். அங்கே டேட்டாபேஸ் உங்கள் நிரலோடு ஒட்டிக்கொண்டு ஒரே ஃபைலில் இருப்பதால் போய்வரும் செலவே இல்லை. ஒரு பக்கத்துக்கு 200க்கு மேல் சின்னச் சின்னக் குவரி ஓடினாலும் பரவாயில்லை என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். குவரி எண்ணிக்கைக்கு என்று தனியாக ஒரு பாவக்கணக்கு கிடையாது, தூரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரட்டை டாலருக்கு அந்தச் சலுகை இல்லை. எஸ்க்யூலைட்டிலும் மரிக்கொழுந்து பூஜ்யம்தான்.

எஸ்க்யூஎல் அடிப்படையைத் தமிழில் படிக்க விரும்பினால் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ கணியம் தளத்தின் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. குரூப் பையும் ஜாயினும் அதிலேயே பழகிக்கொள்ளலாம்.

வேலையைத் தொடங்கும் வரிசை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முதலில் பூஜ்யத்தைச் சரிசெய்யுங்கள், வேகம் பிறகு. ஒரு விவசாயியின் பணம் அதில் நிற்கிறது. பழைய சீட்டுகளில் எத்தனை பூஜ்யம் விழுந்திருக்கிறது என்று எடுத்து முதலாளியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அதன்பின் கூட்டமில்லாத ஒரு மதியம் மைஎஸ்க்யூஎல்லின் ஜெனரல் லாகைத் திறந்து, கணக்குப் பக்கத்தை ஒருமுறை ஏற்றி, உடனே லாகை மூடுங்கள். எண்ணில் மட்டும் வித்தியாசப்படும் ஒரே குவரி எத்தனை முறை வந்திருக்கிறது என்று பாருங்கள். அதிகம் வந்ததை முதலில் லூப்புக்கு வெளியே எடுங்கள். சீட்டு டேபிளில் தேதிக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மாற்றிய டேபிள் அமைப்பை அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன். இந்த முறை அனுப்பிய ஃபைலில் விவசாயிகளின் பெயரும் போன் நம்பரும் அப்படியே இருந்தன, அதை அழித்துவிட்டேன். அடுத்த தடவை அவற்றை எடுத்துவிட்டு அனுப்புங்கள், எனக்குக் காலம் பெயர்கள் இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்